சோலைக்குள் பள்ளிப் பிள்ளைகள்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளைச் சோலைக்காட்டுக்கு அழைத்துப் போய் வருகிற சிலரில் நானும் ஒருத்தி. உள்ளூர் அரசுப் பள்ளிகள், எஸ்டேட் பக்கத்துப் பள்ளிகள், கோவை, ஈரோட்டிலிருந்து மலையேறி வரும் பள்ளிகள் என்று பலரும் போனில் பேசுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். போனில் பேசும்போது பாதி சொல்கிறேன், பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காட்டுக்கு அழைத்துப் போகிறீர்கள்?

பெரும்பாலும் லாங்வுட் சோலைக்கு. கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிறது. மொத்தம் 116 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். நடுவில் இந்த ஒரு துண்டு மட்டும் பழைய காடாகவே நிற்கிறது.

2024 ஜனவரியில் இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். "காடு எப்படி மிஸ் ஈரநிலம் ஆகும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே போய்ப் பள்ளமான இடத்தில் கால் வைத்ததும் பதில் கிடைத்துவிடும். கோடையிலும் அங்கே செருப்பு சொதசொதவென்று இறங்கும். கீழே இருக்கும் பல ஊர்களுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை வகைகள் 26 என்றால், அவற்றில் 14 இந்தச் சின்னச் சோலையில் இருக்கின்றன.

சோலை என்றால் பூஞ்சோலை மாதிரியா?

ஊரில் சோலை என்றால் தோப்பு, தோட்டம். மலையில் அப்படி இல்லை. உயரமான மலைமடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில், குட்டையாகவும் நெருக்கமாகவும் வளரும் காட்டைத்தான் இங்கே சோலை என்கிறோம். மரங்கள் கோணல்மாணலாக இருக்கும். பட்டை முழுக்கப் பாசி. எட்டி நின்று பார்த்தால் காலிஃபிளவர் பூவை அடுக்கி வைத்த மாதிரி தெரியும். கொழுந்து விடும் மாதங்களில் பச்சைக்கு நடுவே சிவப்பும் செம்பும் கலந்து நிற்கும்.

சோலைக்கு மேலே சரிவுகளில் புல்வெளி இருக்க வேண்டும். பனி கொட்டும் இரவுகளில் வெட்டவெளியில் முளைக்கும் மரக்கன்று கருகிப்போகும், புல் தாங்கிக்கொள்ளும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று மற்றொன்றுக்குள் எளிதில் போகாததற்கு இது ஒரு காரணம். கோத்தகிரியைச் சுற்றி அந்தப் புல்வெளிகள் தேயிலையாகி ரொம்ப காலமாயிற்று. முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் போனால் இன்னும் பார்க்கலாம்.

யானை, புலி பார்க்க முடியுமா?

முடியாது. அதற்காக வருவதென்றால் தயவுசெய்து வேண்டாம். மிருகம் பார்க்கிற ஆசையோடு வரும் பிள்ளை, மிருகம் வராத ஒவ்வொரு நிமிஷமும் ஏமாந்துகொண்டே நடக்கும். காலடியில் இருப்பது எதுவும் அதன் கண்ணில் படாது.

அப்படியானால் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?

நாலு வேலை. நான்குமே எளிமையானவை.

முதலில் சோலையின் ஓரத்தில் கால் மணி நேரம் நிற்போம். தேயிலைப் பாதையில் நிற்கும்போது எப்படி இருக்கிறது, பத்தடி உள்ளே போனதும் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். குளிருது, இருட்டா இருக்கு, மண் வாசனை வருது, சத்தம் அடங்கிடுச்சு என்று ஒவ்வொன்றாக வரும். நாங்கள் எதுவும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்தது கரண்டி. வீட்டில் சாம்பார் ஊற்றுகிற கரண்டிதான். இரண்டு பேருக்கு ஒன்று. ஒரு சாண் அகலத்தில் தரையைக் கட்டம் போட்டு, மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பச் சொல்வோம். மேலே இந்த வாரம் விழுந்த இலை, முழுசாக, பழுப்பாக. அதற்கடுத்து ஓட்டை விழுந்த இலை. அதற்கும் கீழே சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கிற இலை. அப்புறம் இலை என்றே சொல்ல முடியாத கறுப்புத் துகள், நடுவில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. கடைசியில் மண். எடுத்துப் பிழிந்தால் மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் விரலிடுக்கில் ஈரம் கசியும். ஒரு மரத்தின் இலை மண்ணாக மாறுகிற முழுக் கதையும் ஒரு சாண் துணியில் கிடக்கும். பார்த்து முடித்ததும் எடுத்த வரிசையிலேயே திரும்பப் போட்டு மூட வேண்டும். இதில் நாங்கள் கண்டிப்பு.

மூன்றாவது தண்ணீர். இரண்டு பக்கமும் திறந்த பழைய பால் பவுடர் டப்பா ஒன்றை மண்ணில் பதித்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவோம். தோட்டத்துக்கு நடுவே மிதித்து இறுகிய பாதையில் ஊற்றினால், பிள்ளைகள் நூறு எண்ணிய பிறகும் பாதி அப்படியே நிற்கும். சோலைத் தரையில் ஊற்றினால் இருபது எண்ணுவதற்குள் டப்பா காலி. "எங்க போச்சு?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

நாலாவது சும்மா உட்கார்வது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், பெரியவர்கள் கண் பார்வையில். பதினைந்து நிமிஷம் பேசக் கூடாது. முதல் ஐந்து நிமிஷம் நெளிவார்கள். அதற்குப் பிறகு சோலை பழையபடி பேச ஆரம்பிக்கும். நீலகிரி சிரிப்பான் கூட்டம் புதருக்குள் கலகலக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓடைப் பக்கம் சீகாரப்பூங்குருவி மனிதன் விசிலடிக்கிற மாதிரியே பாடும். ஒரு பையன் யாரோ அண்ணன் காட்டுக்குள் நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

எந்த வயசுப் பிள்ளைகள் வரலாம்?

நாங்கள் நாலாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அழைத்துப் போகிறோம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் காடு கூடாது என்று பொருள் இல்லை. டென்மார்க்கில் 1950களிலேயே பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளை நாள் முழுக்கக் காட்டில் விளையாட விட்டுப் பழக்கினார்கள். அங்கே கரடி பயம் இல்லை, இங்கே இருக்கிறது. கூட வருகிற ஆள்பலத்தைப் பார்த்துத்தான் இந்த வயசு வைத்தோம்.

ஒரே தடவையில் எத்தனை பேர்?

இருபது பிள்ளைகள், நாலு பெரியவர்கள். இதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்ப்பதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளி இரண்டு பஸ்ஸில் தொண்ணூறு பேரை இறக்கிவிட்டது. கையில் மைக் வேறு. மறுத்துச் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் முன்னால் நின்றவர்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது எங்கள் தவறு. இப்போது தொண்ணூறு பேர் என்றால் ஐந்து நாளாகப் பிரித்துத் தருகிறோம்.

பாதுகாப்பு எப்படி? கோத்தகிரியில் கரடி வருகிறதாமே?

வருகிறது. காட்டுமாடும் இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. மறைத்து அழைத்துப் போக எங்களுக்கு விருப்பம் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு முன்னால் உள்ளே போக மாட்டோம், மூன்று மணிக்கு மேல் உள்ளே இருக்க மாட்டோம். கரடி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடிகாலையிலும்தான் நடமாடும். பிள்ளைகள் நடக்கும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வரலாம். திடீரென்று எதிரில் போய் நிற்பதுதான் ஆபத்து, சத்தம் கேட்டால் அதுவே ஒதுங்கிவிடும். அமைதியாக உட்கார்கிற நேரம் வட்டத்தின் நாலு மூலையிலும் பெரியவர்கள் நிற்போம். முன்னால் வனத்துறைக் காவலரோ, இந்தச் சோலையில் பழகிய உள்ளூர் ஆளோ போய்ப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் நுழைவார்கள்.

காட்டுமாடு பெரும்பாலும் தன் பாட்டுக்கு மேயும். தனியாக நிற்கும் கிடாவைப் பார்த்தால் மட்டும் நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு முறை பாதையின் வளைவில் ஒன்று நின்றது. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால், மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. பிள்ளைகளைத் திரும்பச் சொல்லி, ஓடாமல், ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தோம். அன்றைய நிகழ்ச்சி அதோடு முடிந்தது. ஒரு டீச்சருக்கு வருத்தம், இவ்வளவு தூரம் வந்தோமே என்று. ஆனால் காடு அதனுடைய வீடு, நாம் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட மாதிரி வேறு எப்படியும் கற்றுத்தர முடியாது.

சமவெளியிலிருந்து வரும் பஸ்ஸுக்கு ஒரு வார்த்தை: மேட்டுப்பாளையம் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானைகள் இறங்கும். இருட்டிய பிறகு அந்த வழியில் வர வேண்டாம். போட்டோ எடுக்க நிறுத்தவே வேண்டாம்.

அட்டை கடிக்குமா?

மழை மாதங்களில் கடிக்கும். வலிக்காது, நோயும் பரப்பாது என்றே வைத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். ஒட்டியிருக்கும்போது உப்பையோ நெருப்பையோ வைத்தால் உறிஞ்சியதை அப்படியே காயத்தில் கக்கிவிட்டு விழும், அது நல்லதில்லை. நகத்தால் வாய்ப் பக்கத்தைச் சுரண்டி விலக்கிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வாருங்கள். அட்டையைவிட அட்டை பயம்தான் அதிகம் படுத்துகிறது. பெரியவர்கள் அலறாமல் இருந்தால் பிள்ளைகள் எண்ணிக்கையைப் போட்டி போட்டுச் சொல்வார்கள்.

காஞ்சொறிச் செடி பட்டால்தான் உண்மையில் எரியும். தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் சுணை வந்துவிடும், பிறகு குளிர்ந்த தண்ணீர்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி முடிய, அப்புறம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விட்ட நாட்களில். கோத்தகிரி, நீலகிரி மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் வெளியூர்ப் பள்ளிகளை மலையேற வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அனுமதி யார் வாங்க வேண்டும்?

நாங்கள் வாங்குகிறோம். இது காப்புக்காடு. ஹெட்மாஸ்டர் கடிதமும் பிள்ளைகள் பெயர்ப் பட்டியலும் வேண்டும், மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்தால் வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க வசதி. வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் நீங்கள் எடுக்க வேண்டும்.

என்ன கொண்டு வர வேண்டும்?

ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மூடிய ஷூ, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், ஒரு நோட்டு, பென்சில். ஈரத்தில் பேனா எழுதாது. நீலகிரியில் கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாடு தயிர் சாதம், எலுமிச்சை சாதம் எதுவானாலும் சோலைக்கு வெளியே வந்துதான். உள்ளே பொட்டலம் பிரித்தால் குரங்குகளுக்கு நாமே கெட்ட பழக்கம் சொல்லித் தருகிறோம். கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வையுங்கள். செல்போன் ஆசிரியர்களிடம் இரண்டு இருந்தால் போதும்.

பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலிலேயே கேளுங்கள். சோலைக்குள் கழிப்பறை இல்லை. நுழைவதற்கு முன்னால் ஊரில் ஓர் இடம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக உள்ளே வைப்பதும் இல்லை. மாதவிலக்கு என்று எந்தப் பெண்ணையும் வீட்டில் நிறுத்த வேண்டாம். எங்கள் பையில் நாப்கினும் மாற்றுத் துணியும் எப்போதும் இருக்கும், குறைந்தது இரண்டு பெண்கள் கூட வருவோம். தண்ணீர் குடிக்காமல் வந்து மயங்கி விழுந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டபோது கழிப்பறை இருக்காது என்று பயந்து காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை என்றாள்.

பார்வைக் குறைவு உள்ள பிள்ளை, நடக்கச் சிரமப்படும் பிள்ளை வரலாமா?

வரலாம், முன்கூட்டியே சொல்லுங்கள், பாதையை மாற்றிக்கொள்வோம். பார்வை மிகக் குறைந்த ஒரு பையன் ஒவ்வொரு மரமாகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். "இந்தப் பக்கம் மட்டும் மெத்தை மாதிரி இருக்கு, சுத்தி வந்தா சொரசொரப்பு" என்றான். மரத்தில் பாசி ஒரு பக்கம் தடித்திருப்பதை நாங்கள் யாருமே அதுவரை அவர்களுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மற்ற பத்தொன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு மரத்தைத் தடவினார்கள்.

மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எதற்கு இது?

அவர்களுக்குத்தான் முதலில். எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், வளர்கிற பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து கேட்பது ஒரே வார்த்தை: சோலைப் பக்கம் போகாதே. சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார், கரடி இருக்கிறது. ஆனால் அதனால் வீட்டு வாசலிலிருந்து தெரிகிற காட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காமலே பத்தாம் வகுப்பு முடித்துவிடுகிறார்கள். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் "டேங்க்ல" என்பார்கள்.

அதே பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் ஏராளம். தவிட்டுப்பழம் எந்தச் சரிவில் எப்போது பழுக்கும், காட்டுமாடு ராத்திரி வந்து போன வாசனை எப்படி இருக்கும் என்றெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். சமவெளிப் பள்ளியும் உள்ளூர்ப் பள்ளியும் சேர்ந்து வருகிற நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகளை முன்னால் நடக்க விடுகிறோம்.

பழங்குடி கிராமத்துக்கும் அழைத்துப் போவீர்களா?

வேடிக்கை பார்க்க அழைத்துப் போக மாட்டோம். கோத்தகிரியைச் சுற்றிக் கோத்தர், குறும்பர், இருளர், தோடர் எல்லாரும் இருக்கிறார்கள். குறும்பர் ஒருவர் மலைத்தேன் எடுப்பது பற்றிச் சொல்ல வந்தால், அவர் அன்றைய ஆசிரியர். மற்ற எந்த ஆசிரியருக்கும் கொடுப்பது போல அவருக்கும் சம்பளம் கொடுக்கிறோம். அவரோடு போட்டோ எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

மரம் நட வைக்கலாமா? பள்ளிக்கு ஒரு போட்டோ வேண்டும்.

சோலைக்குள் வேண்டாம். புல்வெளியில் கூடவே கூடாது. இந்த மலையில் மரம் நட்டதாலேயே பல இடம் கெட்டிருக்கிறது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையையும் (வாட்டில் மரம்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) வெறும் நிலம் என்று நினைத்துப் புல்வெளிகளில் நட்டார்கள். சீகை இன்றைக்கும் விதை போட்டுப் பரவிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் வனத்துறை காட்டித் தரும் இடத்தில் அயல் செடிகளின் நாற்றைப் பிடுங்கலாம். மழைக்கு மறுநாள் வேரோடு வரும். அதையும் போட்டோ எடுக்கலாம்.

படிப்பு கெடாதா? மார்க் வருமா?

ஒரு நாளில் படிப்பு கெடாது. மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மட்குதல், நீர்ச்சுழற்சி, உணவுச்சங்கிலி எல்லாம் புத்தகத்தில் வரும்போது கரண்டியும் டப்பாவும் நினைவுக்கு வரும் என்பது நிச்சயம். அப்புறம் கண். தினமும் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு எங்களிடம் வர வேண்டியதில்லை, மாலையில் தெருவில் விளையாட விட்டாலே போதும்.

ஒரு தடவை வந்தால் போதுமா?

போதாது. எங்களிடம் ஒரு தடவை நாலு இடம் கேட்கிறவர்களைவிட, ஒரே இடத்துக்கு நாலு தடவை வருகிறவர்களுக்குத்தான் தேதி முதலில் ஒதுக்குகிறோம். அதே பாதை, அதே மரம், உட்கார அதே இடம். சலிக்காதா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் சலிக்கும், உண்மைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முதல் மூன்று முறையும் அவள் நோட்டில் "ஒன்றும் இல்லை" என்றுதான் எழுதியிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. நாலாவது முறை இப்படி எழுதியிருந்தாள்: "போன மாசம் என் பக்கத்தில் விழுந்த சிவப்பு இலை இப்போது கறுப்பாகிவிட்டது. அதன் மேல் புதுசு விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு புழு வீடு கட்டியிருக்கிறது." அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அவள் போன மாதம் பார்த்த இலையை இந்த மாதம் அடையாளம் கண்டிருக்கிறாள். நாலு வெவ்வேறு இடங்களுக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

கட்டணம்?

உள்ளூர் அரசுப் பள்ளிகளுக்கு இல்லை. வெளியூர்த் தனியார் பள்ளிகளிடம் வாங்குவதில் உள்ளூர்ப் பிள்ளைகளின் வண்டிச் செலவும் மதியச் சாப்பாடும் நடக்கிறது.

எங்கள் ஊரில் காடே இல்லை, மலைக்கு வரவும் வசதி இல்லை. என்ன செய்வது?

பள்ளி வளாகத்தில் ஒரு வேம்போ புங்கமரமோ இருக்கும். அதன் அடியைப் பெருக்குகிற அக்காவிடம் ஒரு பாய் அளவு இடத்தை மட்டும் பெருக்காமல் விடச் சொல்லுங்கள். நாலு கல் வைத்து எல்லை கட்டிவிடுங்கள். ஜூனில் ஆரம்பித்தால் நல்லது. மாதம் ஒரு நாள் கரண்டி, ஒரு நாள் டப்பா, வாரம் ஒரு முறை பதினைந்து நிமிஷம் அமைதி. முதல் நாள் நோட்டில் தேதியும், இலை எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதும் மட்டும் எழுதினால் போதும். புங்க இலை மழைக்காலத்தில் எவ்வளவு சீக்கிரம் மட்குகிறது என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள், இங்கே எங்கள் பிள்ளைகள் சோலை இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.